செருப்புத் தைத்தவர் கொடுத்த ஜாமீன்

ஜெயிலுக்குப் போகவேண்டிய ஒருவரை, ஓர் ஆளின் பொறுப்பில் வெளியே விட்டுத் திருந்த வாய்ப்புக் கொடுக்கலாம் என்ற எண்ணம் இன்று பல நாடுகளில் சட்டமாக இருக்கிறது. நம் ஊரில் அந்த வேலையைப் பார்க்கும் அரசு ஊழியரின் பெயர் நன்னடத்தை அலுவலர். இந்த வேலையை உலகத்தில் தொடங்கிவைத்தவர் நீதிபதியோ பேராசிரியரோ அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஜான் அகஸ்டஸ்.

1841 ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அவர் போலீஸ் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த துணியோடு ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றம்: எப்போதும் குடித்துக் கிடப்பது. தண்டனை நிச்சயம். அகஸ்டஸ் அந்த ஆளிடம் பேசினார். ஜெயிலுக்கு அனுப்பாவிட்டால் குடிப்பதை விட்டுவிடுகிறேன் என்றார் அவர். அகஸ்டஸ் எழுந்து அவருக்கு ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அதே ஆள் கோர்ட்டுக்கு வந்தபோது அடையாளம் தெரியவில்லை. நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் கோர்ட் செலவும் விதித்து விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு 1858 வரை அகஸ்டஸ் 1,152 ஆண்களுக்கும் 794 பெண்களுக்கும் ஜாமீன் நின்றார். சம்பளம் கிடையாது. கோர்ட்டே கதி என்று இருந்ததில் பூட்ஸ் வியாபாரம் படுத்தது. 1859-ல் இறந்தார். 1878-ல்தான் மாசசூசெட்ஸ் மாகாணம் இதை முதன்முதலாகச் சட்டமாக்கியது.

திமிரியில் உட்கார்ந்துகொண்டு பாஸ்டன் கதை எதற்கு? காரணம் இருக்கிறது. தோலில் வேலை செய்கிறவர், குடியில் விழுந்தவர், கோர்ட், ஜாமீன் ஆகிய நான்கும் ஆற்காடு, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் தோல் பகுதியில் நாம் தினமும் பார்ப்பவை. ஆனால் இங்கே அவை வேறு விதமாகச் சேர்ந்தன. எப்படிச் சேர்ந்தன என்பதுதான் இந்தக் கட்டுரை. ஜெயிலில் இருந்து வருகிறவர்களோடும் குடிநோயாளிகளோடும் வேலை செய்கிற சமூகப் பணியாளர் என்ற முறையில், இளம் தோழர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன்.

அங்கே தொழில், இங்கே சாதி

பாஸ்டனில் செருப்புத் தைப்பது ஒரு தொழில். தைத்தவர் கோர்ட்டுக்குள் நுழைந்து, நீதிபதி முன் எழுந்து நின்று, 'இவருக்கு நான் பொறுப்பு' என்று சொல்ல முடிந்தது. அவர் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. நம் மண்ணில் தோல் தொழில் சாதியோடு கட்டப்பட்டிருந்தது. தோலைத் தொட்டவரின் நிழலே தீட்டு என்றிருந்த சமூகத்தில், அவர் இன்னொருவருக்குப் பிணை நிற்பதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

வட ஆற்காட்டில் தோல் பதனிடுதல் பெரிய வணிகமாக வளர்ந்தபோது முதலும் ஏற்றுமதியும் வணிகக் குடும்பங்களிடம் போயின. ஈரத் தோல் சுமப்பதும், சுண்ணாம்புக் குழியில் நிற்பதும், சதை வழிப்பதும், கழிவுத் தொட்டியில் இறங்குவதும் பெரும்பாலும் சேரி மக்களுக்கு வந்தன. அந்த நாற்றத்தோடு வேலை செய்துவிட்டு, நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து சோறு தின்ன முடியாமல் குடித்தோம் என்று பழைய டேனரி ஆட்கள் இன்றும் சொல்வார்கள். குடிக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சேரிக்காரன் குடிகாரன் என்று சொல்கிறவர்கள், அவனை எந்தக் குழியில் நிற்கவைத்தோம் என்பதைச் சொல்வதில்லை.

நம் முன்னோடிகள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் ஒன்று மதுவை விலக்குவது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு பௌத்தம் ஏற்றபோது எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளிலும் மது அருந்தமாட்டேன் என்பது இருக்கிறது. இருவருக்கும் மதுவை விடுவது சுயமரியாதையின் பகுதி. தன்னையும் தன் மக்களையும் மீட்டெடுக்கும் செயல் அது. போலீஸ் வந்து செய்யவேண்டிய காரியமாக அவர்கள் அதைப் பார்க்கவில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு போன வழி வேறு.

ஒரே ஆண்டின் இரண்டு சட்டங்கள்

சிறைகள் தண்டிக்க மட்டும் அல்ல, திருத்தவும்தான் என்று பிரிட்டிஷ் இந்தியாவில் அழுத்தமாகச் சொன்னது 1919–20 இந்தியச் சிறைகள் குழு. அதன் தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியூ, மெட்ராஸ் அரசில் உயர் பதவியில் இருந்தவர். அந்தக் காலத்தில்தான் மெட்ராஸ் மாகாணத்தில் 1920-ல் குழந்தைகள் சட்டமும், 1926-ல் இளங்குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல் பள்ளிச் சட்டமும் வந்தன. விடுதலையான கைதிகளுக்கு உதவும் சங்கங்களும் உருவாயின.

இதே காலத்தில் இன்னொரு கையால் அரசு என்ன செய்தது? 1911 முதல் மெட்ராஸ் மாகாணத்திலும் குற்றப் பழங்குடிகள் சட்டம் பாய்ந்தது. பிறப்பாலேயே குற்றவாளி என்று சில சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்து, ஊரை விட்டுப் போகக் கணக்குக் கேட்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று சுடப்பட்டார்கள். விடுதலையாகி ஊர் திரும்புவது என்ற பேச்சே அந்தச் சமூகங்களுக்குக் கிடையாது. ஊரே அவர்களுக்கு ஜெயில்.

அடுத்து 1937-க்கு வருவோம். அந்த ஆண்டின் மெட்ராஸ் சட்டங்களின் வரிசையில் 3ஆம் எண், மெட்ராஸ் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். பாஸ்டன் பூட்ஸ்காரர் தொடங்கிய வேலை நம் மாகாணத்துக்குச் சட்டமாக வந்தது இதில்தான். அதே வரிசையில் 10ஆம் எண், மெட்ராஸ் மதுவிலக்குச் சட்டம். முதல் சட்டம் ஜெயிலுக்குப் போகவேண்டியவரை வெளியே நிறுத்தப் பார்த்தது. இரண்டாவது சட்டம், குடித்ததற்காகவே ஒருவரை உள்ளே தள்ள வழி செய்தது. அகஸ்டஸ் முதன்முதலாக மீட்டது எந்தக் குற்றத்துக்காக நின்றவரையோ, அந்தக் குற்றத்தை இங்கே புதிதாக உண்டாக்கினார்கள்.

மதுவிலக்கைக் கொண்டுவந்த முதலமைச்சர் ராஜாஜி, 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர் சிறையில் கைதியாக இருந்தவர். அங்கே நாட்குறிப்பும் எழுதினார். ஜெயில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. மறு ஆண்டு சித்தூர், கடப்பா. 1939-ல் நம் வட ஆற்காடு. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி அதை நிறுத்திவைத்தது. 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுக்க வந்தது.

மதுவிலக்கால் சேரிப் பெண்கள் பலர் நிம்மதி அடைந்தார்கள் என்பது உண்மை. அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை. வசதியும் செல்வாக்கும் இருந்தவர்களுக்கு உடல்நிலையைக் காட்டிப் 'பெர்மிட்' வாங்க வழி இருந்தது. நம் ஆட்களுக்கு மலையடிவாரத்துப் பட்டைச் சாராயமும், அதைப் பிடிக்க வரும் போலீசும் இருந்தன. லாரி டியூபில் சாராயம் சுமந்தவர் பிடிபட்டார். அதற்கு முதல் போட்டவர் ஊரில் கௌரவமாக இருந்தார். நோய்க்கு மருத்துவம் என்ற பேச்சு அந்தச் சட்டத்தில் பெரிதாக இடம்பெறவில்லை. 3ஆம் எண் சட்டத்துக்கு ஆள் போடாமல், 10ஆம் எண் சட்டத்துக்கு மட்டும் ஆள் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

விற்பவரும் பிடிப்பவரும் ஒருவரே

1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-க்குள் மறுபடி வந்தது. 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1982-ல் தமிழ்நாடு அரசு ஒரு தடுப்புக்காவல் சட்டம் கொண்டுவந்தது. நாம் குண்டாஸ் என்று அழைக்கும் 14ஆம் எண் சட்டம். விசாரணை இல்லாமல் ஓர் ஆண்டு வரை அடைத்துவைக்கலாம். அதன் நீண்ட பெயரில் முதலில் நிற்பவர் குண்டர் அல்ல, கள்ளச்சாராயக்காரர். 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. 2023–24 நிதியாண்டில் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் சுமார் 45,855 கோடி ரூபாய்.

ஆக, 1937-ல் அரசு குடித்தவரைப் பிடித்தது. 2003-க்குப் பிறகு அரசே விற்கிறது, குடித்துவிட்டுத் தகராறு செய்தவரை அரசே பிடிக்கிறது. இரண்டு காலத்திலும் மாறாமல் இருப்பது, சிகிச்சை கடைசியில் நிற்பது. சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியபோது, குடியை ஒரு நோயாகப் பார்ப்பதே இங்கே புதிது. அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் வந்தது 2025-ல்தான். டாஸ்மாக் தொடங்கி 42 ஆண்டு கழித்து!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அரசு அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை ஆயுள் வரை உயர்த்தியது. விஷம் விற்றவருக்குத் தண்டனை வேண்டும், சரி. ஆனால் டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் காசில்லாமல், கை நடுக்கத்தை நிறுத்த விடியற்காலையில் பாக்கெட் சாராயம் தேடிப் போனவருக்கு அந்தத் திருத்தத்தில் என்ன இருந்தது?

மதிலுக்குள் சாதி

நம் பகுதி ஆட்கள் ரிமாண்ட் ஆனால் பெரும்பாலும் போய்ச் சேர்வது வேலூர் தொரப்பாடி மத்திய சிறைக்கு. தென்மாநிலங்கள் சேர்ந்து சிறை அதிகாரிகளுக்காக நடத்தும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சிக் கழகமும் 1979 முதல் வேலூரில்தான் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் பாகாயம். 1957-ல் சி.எம்.சி. மனநல மையம் தொடங்கப்பட்ட இடம். ஜெயில், ஜெயிலரைப் பயிற்றுவிக்கும் கழகம், மனநோய்க்கும் போதைநோய்க்கும் மருத்துவம் பார்க்கும் இடம் மூன்றும் ஒரே ஊரில். ஆனால் கைதி ஒருவர் மதிலைத் தாண்டி மருத்துவமனைக்குப் போக வழிக்காவல் போலீஸ் வேண்டும். தமிழ்நாட்டில் எந்த ஜெயிலை எடுத்தாலும், வழிக்காவல் இல்லாமல் மருத்துவமனைத் தேதி தள்ளிப்போவது சாதாரணம்.

உள்ளே போனவர் சாதியை வாசலில் விட்டுவிட்டுப் போவதில்லை. நாட்டின் பல சிறைக் கையேடுகளில் கக்கூஸ் கழுவ இன்ன சாதி, சமைக்க இன்ன சாதி என்று எழுதியே வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா இதை 2020-ல் வெளிக்கொண்டுவந்தார். அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்புச் சொன்னது. சாதி பார்த்து வேலை கொடுப்பதும், சாதி வாரியாக அடைப்பதும் அரசமைப்புக்கு எதிரானவை என்றது. கைதிகள் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று தனித்தனியாக வைத்திருந்த வழக்கமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. மோதலைத் தடுக்க என்று சொல்லப்பட்ட சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

இன்னொரு முரணையும் சொல்லவேண்டும். வேலூர் சிறையின் தொழிற்கூடத்தில் கைதிகள் காவல் துறைக்குப் பூட்ஸ் தைக்கிறார்கள். தோல் பகுதியில் பிறந்து, உள்ளே போய், தன்னைப் பிடித்துவந்தவரின் காலுக்குப் பூட்ஸ் தைக்கக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறார் ஒருவர். ஊரைச் சுற்றி ஷூ கம்பெனிகள். ஆனால் எங்கே கற்றாய் என்ற கேள்விக்கு அவரால் உண்மையான பதில் சொல்ல முடியாது.

முதல் நான்கு நாள், முதல் இரண்டு வாரம்

இனி மருத்துவத்துக்கு வருகிறேன். சட்டம் படிக்கும் தோழர்களும் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். உயிர் போவது இங்கேதான்.

தினமும் அதிகமாகக் குடிக்கும் ஒருவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். ஆறு மணி நேரத்தில் இருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் குழம்பும். இல்லாததைப் பார்ப்பார், யாரோ அடிக்க வருவதாக ஓடுவார். இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. மருந்து உண்டு. டயஸிபாம், லோராஸிபாம் போன்ற மாத்திரைகள், தயமின் என்கிற பி1 வைட்டமின், நீர்ச்சத்து. விலை உயர்ந்த மருந்துகள் அல்ல இவை.

இப்போது கைது நடைமுறையோடு சேர்த்துப் பாருங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும். ரிமாண்ட் ஆனால் அவர் ஜெயிலில் இருப்பது சரியாக இரண்டாம், மூன்றாம், நான்காம் நாள். ஆபத்தான நேரமும் அதுவே. சனி ஞாயிறாக இருந்தால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் அவர் கத்தினால், ஓடினால், மோதினால், அதை நோய் என்று பார்க்காமல் திமிர் என்று பார்த்தால் என்ன நடக்கும்? லத்தி நடக்கும். லாக்கப்பில் குடிபோதையில் விழுந்து இறந்தார், வலிப்பு வந்து இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்வி: கடைசியாக எப்போது குடித்தார் என்று யாராவது எழுதிவைத்தார்களா?

விடுதலைக்குப் பிறகான முதல் இரண்டு வாரமும் இதே போல ஆபத்தானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வு, அந்த இரண்டு வாரத்தில் மற்ற மக்களைவிட அவர்கள் இறக்கும் அபாயம் 12 மடங்குக்கும் மேல் என்று காட்டியது. போதைப்பொருள் அளவு மீறி இறப்பது மட்டும் 129 மடங்கு. காரணம் எளிது. உள்ளே இருந்த மாதங்களில் உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். மனம் பழைய அளவையே கேட்கும். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் இளைஞர்களிடமும் வந்திருக்கும் இந்தக் காலத்தில், இது அமெரிக்கப் பிரச்சினை மட்டும் அல்ல. உள்ளேயே சிகிச்சை தொடங்கினால் இதைத் தடுக்கலாம். டெல்லி திகார் சிறையில் அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்துச் சிகிச்சையை 2008-லேயே தொடங்கினார்கள்.

ஜெயிலில் குடிக்க முடியாது, அதனால் தானாகச் சரியாகிவிடும் என்று குடும்பங்கள் நம்புகின்றன. 'ஆறு மாசம் உள்ள இருக்கட்டும், திருந்தி வருவான்' என்று அம்மாக்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குடிக்காமல் இருப்பது வேறு, குணமாவது வேறு. ஆறு மாதம் குடிக்காதவர் வெளியே வந்ததும் பார்ப்பது பழைய ஊரை. பழைய கடன், பழைய கேலி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பழைய கடை. கூடுதலாக ஒரு புதுப் பெயரும் சேர்ந்திருக்கும்: ஜெயிலுக்குப் போனவன்.

நம் இயக்கமும் குடித்தவரும்

இதைப் பொதுவில் பேசலாமா, சேரி என்றால் குடி, குற்றம் என்று பேசுகிறவர்களுக்கு நாமே ஆதாரம் கொடுப்பது ஆகாதா என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பு ஆகாதவர்கள். சிறைவாசிகளில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம். இந்த எண்கள் யார் அதிகம் குற்றம் செய்கிறார் என்று காட்டவில்லை. யாரைப் பிடிப்பது எளிது, யாருக்கு ஜாமீன்தாரர் கிடைப்பதில்லை என்பதைக் காட்டுகின்றன. கோர்ட் கேட்பது வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று. புறம்போக்கில் வீடு கட்டிப் பட்டாவுக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் தெருவில் இரண்டு ஜாமீன்தாரர் எங்கே கிடைப்பார்கள்? 1841-ல் பாஸ்டனில் ஒரு பூட்ஸ்காரரின் வார்த்தை போதுமாக இருந்தது. இன்று நம் தெருவின் வார்த்தை போதுமாக இல்லை. நாம் பேசாமல் இருப்பதால் இந்த எண்கள் மறையாது. உள்ளே இருப்பவர்தான் மறந்துபோவார்.

இன்னொன்றையும் நேராகச் சொல்கிறேன். பொய் வழக்குப் போடப்பட்டவருக்காக நாம் சாலை மறியல் செய்வோம். வன்கொடுமையில் பாதிக்கப்பட்டவருக்காக கலெக்டர் அலுவலகம் போவோம். அது சரி, அதில் குறைவு வைக்கக்கூடாது. ஆனால் குடித்துவிட்டு உண்மையாகவே அடித்தவர், உண்மையாகவே திருடியவர், உண்மையாகவே கஞ்சா விற்றவர் ஜெயிலில் இருந்து வந்தால், அவர் வாசலுக்கு நாம் போவதில்லை. அவரால் நம் பெயர் கெடும் என்று ஒதுங்குகிறோம். நம்மைத் தள்ளிவைத்த ஊர் சொன்னதும் இதே காரணம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அவரால் அடிபட்ட மனைவியை மறந்துவிடச் சொல்லவில்லை. பாதுகாப்பு முதலில் அவருக்கும் பிள்ளைகளுக்கும். பல வீடுகளில் அவர் உள்ளே இருந்த மாதங்கள்தான் அடி இல்லாத மாதங்கள். அவரை வீட்டுக்குள் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யவேண்டும். ஊர்ப் பெரியவர்களோ, சமூகப் பணியாளரோ, இயக்கமோ முடிவு செய்யக்கூடாது. ஆனால் வீடு சேர்க்காவிட்டாலும் அவர் தங்க ஒரு இடம், சிகிச்சைக்கு ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் அவர் அந்த வீட்டு வாசலில்தான் வந்து விழுவார்.

கையில் இருக்கும் கருவிகள்

சட்டங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. கேட்கிற ஆள்தான் குறைவு. நாளைக்கே பயன்படுத்தக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

கைது நேரத்தில்: கைதானவரை மருத்துவர் பரிசோதிக்கவேண்டும் என்று பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு சொல்கிறது. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும், இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு, முன்பு வலிப்பு வந்திருக்கிறது என்று குடும்பத்தாரை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதில் உயிர் போகலாம்.

வழக்கு நேரத்தில்: 1937-ன் நம் மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, நாடு முழுமைக்கும் வந்தது 1958-ன் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை, ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத வழக்கில், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்காமல் சிறைக்கு அனுப்பக்கூடாது என்று அதன் 6ஆம் பிரிவு சொல்கிறது. 4ஆம் பிரிவில் பிணையில் விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது 12ஆம் பிரிவு. அரசு வேலைக்குப் படிக்கும் பையன்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! வழக்கறிஞர் கேட்கவில்லை என்றால் நீங்கள் கேட்கச் சொல்லுங்கள். போதைப்பொருள் சட்டத்தில் 64அ என்ற பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதைநோயாளி தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால், வழக்கில் இருந்து விலக்குப் பெறலாம்.

ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணம் இல்லாமல் உள்ளே இருப்பவர்களுக்கு, ஒன்றிய அரசின் 2023 திட்டத்தில் உதவி உண்டு. அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கும் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

உள்ளே இருக்கும்போது: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மனநோய் என்ற சொல்லுக்குள் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநலச் சிகிச்சை அமைப்பு இருக்கவேண்டும் என்கிறது 103ஆம் பிரிவு. ஆகவே சிகிச்சை கேட்பது சலுகை அல்ல. அடித்தும் கட்டிப்போட்டும் 'குணமாக்கும்' தனியார் மறுவாழ்வு மையங்களிடம் மக்களை அனுப்பும் முன், அந்த மையம் இந்தச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே வரும் நாளில்: வாசலில் ஒருவர் நிற்கவேண்டும். அறிவுரை சொல்ல அல்ல. அன்று இரவு எங்கே தூங்குவார், நாளைக் காலை எங்கே சாப்பிடுவார், ஆதாரும் ரேஷன் கார்டும் யாரிடம் இருக்கின்றன, மருந்துச் சீட்டு கையில் இருக்கிறதா என்று பார்க்க. முதல் இரண்டு வாரம் தினமும் ஒருவர் பேசினால் போதும். அவர் மறுபடி ஒருநாள் குடிக்கலாம். குடிநோயில் அது நடக்கும். சர்க்கரை நோயாளிக்கு ஒருநாள் சர்க்கரை ஏறினால் மருத்துவத்தை நிறுத்துவதில்லை, இங்கேயும் நிறுத்தக்கூடாது.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்: நம் மாவட்டத்தில் நன்னடத்தை அலுவலர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, போன ஆண்டு 6ஆம் பிரிவில் எத்தனை அறிக்கை கேட்கப்பட்டது, நம் சிறைக்கு மனநல மருத்துவர் வாரம் எத்தனை நாள் வருகிறார், சாதிக் கட்டம் பதிவேட்டில் இருந்து எடுக்கப்பட்டதா. ஐந்து கேள்வி. பதில் வந்தால் அது அடுத்த கோரிக்கைக்கு ஆதாரம். வராவிட்டால் மேல்முறையீடு.

1989-ல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது நம் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அந்தப் பெயரை எடுத்து வேலூர் மாவட்டம் ஆக்கினார்கள். 2019-ல் ராணிப்பேட்டை மாவட்டம் பிரிந்து திமிரி அதில் வந்தது. பெயர்ப்பலகை மூன்று முறை மாறியது. தொரப்பாடிக்குப் போகும் வழிக்காவல் வண்டியில் உட்கார்ந்திருப்பவர் மாறவில்லை. அவருக்குப் பொறுப்பு நிற்க ஒரு பூட்ஸ்காரர் போதும் என்று 180 ஆண்டுக்கு முன்பே ஓர் ஊர் ஒத்துக்கொண்டது. நம்மிடம் பூட்ஸ் தைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு பேர் முன்வந்தால், அடுத்த ரிமாண்ட் நாளிலேயே தொடங்கலாம்.